டிடக்டிபிளைப் பார்த்துப் பயப்படும் முன் ஒரு கணக்கு

டெக்சஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: கம்பெனியில் ஓபன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருட இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம், நடக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கு இரண்டு இன்ஷூரன்ஸ் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று இதுவரை வைத்திருந்த பி.பி.ஓ. (பிரீமியம் கூடுதல், டிடக்டிபிள் குறைவான வழக்கமான திட்டம்), மற்றது டிடக்டிபிள் அதிகமுள்ள எச்.டி.எச்.பி. பின்னதில் பிரீமியம் பாதிதான், ஆனால் டிடக்டிபிள் 4,000 டாலர். வீட்டில் மனைவி, நான்கு வயது மகள். மார்ச்சில் இரண்டாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. எச்.எஸ்.ஏ. என்ற வரிச் சலுகையுள்ள வைத்தியச் சேமிப்புக் கணக்குக்காகவாவது எச்.டி.எச்.பி. எடு என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா? எடுத்தால் செலவை எப்படிச் சமாளிப்பது? ஊருக்குப் போகும்போது பல் வைத்தியம் செய்துகொள்ள அந்தக் கணக்குப் பணத்தைத் தொடலாமா?

கம்பெனிகளுக்கு ஊழியர் பெனிஃபிட்ஸ் அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தக் கேள்வி வரும். "பிரசவம் இருக்கிறது, அதனால் பி.பி.ஓ." என்று கணக்கே போடாமல் முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். சில கம்பெனிகளில் அது சரியான முடிவு. பல கம்பெனிகளில் ஆயிரம் இரண்டாயிரம் டாலர் வீண். உங்கள் கம்பெனி எந்த ரகம் என்பது அந்த 4,000ஐ மட்டும் பார்த்தால் தெரியாது.

சொற்களைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். பிரீமியம், நோய் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளத்தில் பிடிப்பது. டிடக்டிபிள், இன்ஷூரன்ஸ் தன் பையைத் திறக்கும் முன் நீங்கள் கட்டி முடிக்க வேண்டிய தொகை. அதைத் தாண்டியபின் பில்லை இருவரும் பங்கு போட்டுக் கட்டுவது கோ-இன்ஷூரன்ஸ். பெரும்பாலும் உங்கள் பங்கு 20 சதவீதம் போல இருக்கும். இப்படிக் கட்டிக்கொண்டே போய் ஒரு வரம்பைத் தொட்டால் அந்த வருடத்துக்கு நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளிடம்) உங்கள் செலவு முடிந்தது. அந்த வரம்புதான் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம். பிரீமியம் அந்த வரம்புக்குள் சேராது.

எச்.எஸ்.ஏ. வைத்துக்கொள்ளத் தகுதி தரும் எச்.டி.எச்.பி.க்கு இலக்கணத்தை வருமானவரித் துறை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. 2026க்கு டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400. அவுட் ஆஃப் பாக்கெட் வரம்பு தனிநபருக்கு 8,500ஐயும் குடும்பத்துக்கு 17,000ஐயும் தாண்டக் கூடாது. கம்பெனி தரும் திட்டம் என்றால் என்ரோல்மென்ட் பக்கத்திலேயே 'எச்.எஸ்.ஏ. தகுதி உண்டு' என்று எழுதியிருக்கும். டிடக்டிபிள் பெரிதாக இருப்பதால் மட்டுமே அந்தத் தகுதி வந்துவிடாது. அந்த வரி இல்லையென்றால் எச்.ஆர்.இடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வையுங்கள். பி.பி.ஓ.வில் பிரீமியம் மாதம் 420, குடும்ப டிடக்டிபிள் 1,500, அவுட் ஆஃப் பாக்கெட் வரம்பு 6,000. எச்.டி.எச்.பி.யில் பிரீமியம் மாதம் 210, டிடக்டிபிள் 4,000, வரம்பு 8,000, கூடவே கம்பெனி எச்.எஸ்.ஏ.வில் 1,500 டாலர் போடுகிறது. இரண்டிலும் கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம்.

வருடம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்றால் பி.பி.ஓ.வுக்கு 5,040 டாலர் செலவு. எச்.டி.எச்.பி.க்குப் பிரீமியம் 2,520, அதில் கம்பெனி தந்த 1,500ஐக் கழித்தால் 1,020. வைத்தியச் செலவு 10,000 டாலர் என்றால் பி.பி.ஓ.வில் மொத்தம் 8,240, எச்.டி.எச்.பி.யில் 6,220. வரம்பைத் தொட்டுவிடும் மோசமான வருடத்தில் பி.பி.ஓ. 11,040, எச்.டி.எச்.பி. 9,020. எந்த வருடமானாலும் எச்.டி.எச்.பி.தான் மலிவு. பிரசவ வருடத்திலும்தான். டிடக்டிபிள் 4,000 என்ற எண் பயமுறுத்தினாலும், பிரீமிய வித்தியாசமும் கம்பெனி தரும் பணமும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன.

அடுத்த கம்பெனிக்கு வாருங்கள். அதே இரண்டு திட்டங்கள். ஆனால் பிரீமிய வித்தியாசம் மாதம் 100 டாலர்தான், எச்.எஸ்.ஏ.வுக்குக் கம்பெனி ஒரு காசும் தரவில்லை. இங்கே வருட வைத்தியச் செலவு சுமார் 3,000 டாலரைத் தாண்டியதுமே பி.பி.ஓ. முந்திவிடும். மோசமான வருடத்தில் எச்.டி.எச்.பி.காரர் 11,840 கட்டுவார், பி.பி.ஓ.காரர் 11,040. வரிச் சலுகை இந்த இடைவெளியைக் குறைக்கலாம், சிலருக்கு அடைத்தும்விடலாம். ஆனால் அதற்கு எச்.எஸ்.ஏ.வில் போடக் கையில் பணம் வேண்டும்.

ஆகவே பார்க்க வேண்டிய எண் டிடக்டிபிள் அல்ல. பன்னிரண்டு மாதப் பிரீமியம், அதோடு அவுட் ஆஃப் பாக்கெட் வரம்பு, அதிலிருந்து கம்பெனி தரும் எச்.எஸ்.ஏ. பணத்தைக் கழித்தது. இதுதான் அந்தத் திட்டத்தில் உங்களுக்கு வரக்கூடிய அதிகபட்ச வருடச் செலவு. இரண்டு திட்டத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். பிரசவம் உறுதியாக இருக்கும் வருடத்தில் முடிவு ஏறத்தாழ இதிலேயே கிடைத்துவிடும், ஏனென்றால் அமெரிக்க ஆஸ்பத்திரிப் பிரசவம் 4,000 டாலர் டிடக்டிபிளைத் தாண்டுவது நிச்சயம், வரம்பின் பக்கத்துக்கே போய்விடும்.

கணக்கு எச்.டி.எச்.பி. பக்கம் சாய்ந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்த 4,000 டாலர் மார்ச், ஏப்ரலில் கையில் இருக்குமா? பி.பி.ஓ.வில் பணம் மாதாமாதம் சிறிது சிறிதாகப் போகிறது. எச்.டி.எச்.பி.யில் வருடத்தின் முதல் பெரிய பில்லிலேயே மொத்தமாக வந்து நிற்கும். வருட முடிவில் லாபமாக வரும் திட்டம் ஏப்ரலில் கிரெடிட் கார்டு வட்டிக்கு இழுத்துவிட்டால் லாபம் எங்கே? டிடக்டிபிள் அளவுக்காவது சேமிப்பு இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டத்தை நான் சிபாரிசு செய்வதில்லை, கணக்கு எவ்வளவு அழகாக வந்தாலும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. எச்.எஸ்.ஏ.வைக் கொண்டுவந்தது 2003 டிசம்பரில் கையெழுத்தான மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) மருந்துச் சட்டம்; 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பணம் போனால் மக்கள் விலை விசாரித்து, தேவையானதை மட்டும் வாங்குவார்கள் என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம். தன் ஊழியர்கள் அனைவரையும் இலவச வைத்தியத்திலிருந்து பெரிய டிடக்டிபிள் திட்டத்துக்கு மாற்றிய ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றிய ஆய்வு 2017இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வந்தது. செலவு ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் யாரும் விலை விசாரித்ததற்கு அடையாளமே இல்லை. போவதையே குறைத்துக்கொண்டார்கள், தேவையான வைத்தியத்தையும் சேர்த்து. வருட முடிவுக்குள் எப்படியும் டிடக்டிபிளைத் தாண்டிவிடக்கூடிய நோயாளிகள்கூட வருடத் தொடக்கத்தில் தள்ளிப்போட்டார்கள். என் பார்வையில் அந்த 'விலை விசாரிக்கும் நுகர்வோர்' கதை தோற்றுப்போன கதை. இந்தத் திட்டத்தில் நிஜமாக மதிப்புள்ளது எச்.எஸ்.ஏ.வின் வரிச் சலுகை. அதுவும் சேமிக்க வசதி உள்ளவருக்குத்தான். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, 300 டாலர் போகுமே, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நினைக்கக்கூடிய ஆள் நீங்கள் என்றால், அல்லது வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், 500 டாலர் கூடுதலாகப் போனாலும் பி.பி.ஓ.விலேயே இருங்கள்.

சலுகைக்கு வருகிறேன். எச்.எஸ்.ஏ.வில் போடும் பணத்துக்கு வருமானவரி இல்லை. அது உள்ளே வளர்வதற்கும் இல்லை. வைத்தியத்துக்கு எடுத்தால் அதற்கும் இல்லை. 2026இல் குடும்பத்துக்கு உச்சவரம்பு 8,750 டாலர், தனிநபருக்கு 4,400. 55 வயதானவர் கூடுதலாக 1,000 போடலாம். கம்பெனி தருவதும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். கம்பெனி 1,500 போட்டால் நீங்கள் 7,250 போடலாம். சம்பளத்திலிருந்தே பிடிக்கச் செய்வது முக்கியம். அப்படிச் செய்தால் வருமானவரியோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்குப் போகும் 7.65 சதவீதமும் மிச்சம். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 4,000 டாலரை இப்படிப் போட்டால் சுமார் 1,186 டாலர் கையில் நிற்கும். அதே பணத்தை உங்கள் பேங்கிலிருந்து நீங்களே அனுப்பினால் வருமானவரி மட்டும் மிச்சமாகும், 7.65 திரும்பி வராது. டெக்சஸில் மாநில வருமானவரி கிடையாது என்பதால் உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ இருக்கும் நண்பர் சொல்லும் கணக்கு வேறாக இருக்கும்: நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ. சலுகையை மாநில வரியில் ஏற்பதில்லை.

இந்தப் பணம் வருட முடிவில் காலாவதி ஆகாது. வேலை மாறினாலும் உங்களோடு வரும். ஆனால் வைத்தியம் அல்லாத செலவுக்கு 65 வயதுக்கு முன் எடுத்தால் வருமானவரியோடு 20 சதவீத அபராதம் சேரும். பங்குச் சந்தையில் போட்டு முப்பது வருடம் வளர்க்கலாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்திப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டப்படி அது சரிதான். கணக்கு தொடங்கியபின் நடந்த செலவுக்கு எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், காலக்கெடு இல்லை. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில், முதல் இரண்டு வருடம் அந்த வித்தைக்கு ஆசைப்படாதீர்கள். பில் வந்தால் எச்.எஸ்.ஏ.விலிருந்து கட்டுங்கள், வேலை முடிந்தது.

உங்களுக்குக் குறிப்பாக ஒரு பொறி இருக்கிறது. இதுவரை பி.பி.ஓ.வில் இருந்ததால் எஃப்.எஸ்.ஏ. கணக்கு (வைத்தியச் செலவுக்குக் கம்பெனி வழியாக வரியில்லாமல் ஒதுக்கிவைப்பது) வைத்திருக்கலாம். அதில் மிச்சம் வைத்து 2026க்குக் கொண்டுபோனால் (660 டாலர் வரை அப்படி அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு) அந்தத் திட்ட ஆண்டு முழுவதும் எச்.எஸ்.ஏ.வில் ஒரு டாலர்கூடப் போடத் தகுதி போய்விடும். மார்ச் 15 வரை செலவழிக்கச் சலுகைக்காலம் தரும் கம்பெனியில் மிச்சம் இருந்தால் ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டும். டிசம்பர் 31க்குள் கண்ணாடி, பல், மருந்துக்கடைச் சாமான் என்று அதைச் சுழியாக்கிவிடுங்கள். அல்லது பல், கண்ணுக்கு மட்டுமான வரம்புள்ள எஃப்.எஸ்.ஏ.வாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மனைவி வேறு கம்பெனியில் வேலை பார்த்து அங்கே சாதாரண எஃப்.எஸ்.ஏ. எடுத்திருந்தால் அதுவும் உங்கள் தகுதியைக் கெடுக்கும். உங்கள் இன்ஷூரன்ஸில் அவர் இல்லாவிட்டாலும் அப்படித்தான். கணவனும் மனைவியும் தனித்தனியாக என்ரோல்மென்ட் செய்துவிட்டு, பிப்ரவரியில் வரிக் கணக்கு போடும்போதுதான் இது தெரியவரும்.

கணக்கைத் திறக்கும் தேதியும் முக்கியம். எச்.எஸ்.ஏ. தொடங்கும் முன் நடந்த செலவுக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. எப்போது 'தொடங்கியது' என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. பல இடங்களில் முதல் பணம் விழுந்த நாள்தான் கணக்கு. ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு சிறு தொகையாவது போட்டுவையுங்கள். எஃப்.எஸ்.ஏ.வில் வருடத் தொகை முழுவதும் முதல் நாளே கையில் கிடைக்கும், எச்.எஸ்.ஏ.வில் விழுந்திருக்கும் பணத்தை மட்டுமே எடுக்க முடியும். 7,250ஐ 24 சம்பளங்களுக்குப் பிரித்தால் மார்ச் நடுவில் உங்கள் பங்கு 1,500 டாலர்தான் சேர்ந்திருக்கும். எச்.எஸ்.ஏ. பிடித்தத்தை வருடத்தின் நடுவிலும் மாற்றலாம். எனவே முதல் சில சம்பளங்களில் அதிகம் பிடிக்கச் சொல்லி, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தன் 1,500ஐ ஜனவரியில் மொத்தமாகத் தருமா, சம்பளத்துக்குச் சம்பளம் தருமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

பிரசவச் செலவு வரும் விதம் புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். மகப்பேறு டாக்டர் பெரும்பாலும் கர்ப்பகாலச் சந்திப்புகள், பிரசவம், பிந்தைய கவனிப்பு எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக, பிரசவத் தேதியில் பில் போடுவார். அதனால் 2025இல் பார்த்த சந்திப்புகளும் அந்த மார்ச் 2026 பில்லுக்குள் பொதுவாக அடங்கிவிடும். அல்ட்ராசவுண்டும் லேப் சோதனைகளும் அந்தந்தத் தேதியில் தனியாக வரும். ஆஸ்பத்திரி, மயக்கமருந்து டாக்டர், குழந்தை டாக்டர் ஒவ்வொருவரும் தனித்தனி பில். டாக்டர் அலுவலகம் ஏழாம் மாதத்திலேயே "உங்கள் பங்கு இவ்வளவு, தவணையாகக் கட்டுங்கள்" என்று கேட்பது சகஜம். அந்த மதிப்பீடு உங்கள் பழைய பி.பி.ஓ.வை வைத்துப் போட்டதா, புதிய திட்டத்தை வைத்தா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சர்க்கரைப் பரிசோதனை, பிரெஸ்ட் பம்ப் போன்றவை தடுப்புச் சேவைப் பட்டியலில் வருவதால் நெட்வொர்க்குக்குள் டிடக்டிபிள் இல்லாமலே கிடைக்க வேண்டும்.

குழந்தை பிறந்த நொடியிலிருந்து அதன் பில்கள் அதன் பெயரில்தான் ஓடும். 30 நாளுக்குள் அதை உங்கள் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு. நம்பர் இல்லாமலே பெரும்பாலும் சேர்க்கலாம், பிறகு கொடுத்தால் போதும். டிடக்டிபிள் குடும்பத்துக்கு மொத்தமாகவா, ஆளுக்கு ஆளா என்பதை இப்போதே விசாரியுங்கள். மொத்தமாக என்றால் தாயும் குழந்தையும் சேர்ந்து 4,000ஐ நிரப்புவார்கள். ஆளுக்கு ஒரு வரம்பு இருக்கும் திட்டத்தில் அது குறைந்தது 3,400 ஆக இருக்கும். தாய் தன்னுடையதை நிரப்பியபின் குழந்தைக்கு மிச்சத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருந்தும் மயக்கமருந்து டாக்டர் வெளியாள் என்று தனி பில் வந்தால் பதறாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி அப்படி வசூலிக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அதில் விட்டுப்போயிற்று.

அன்றாடச் செலவில் பணம் எங்கே மிச்சமாகும் என்றால், சிகிச்சையை எங்கே செய்துகொள்கிறீர்கள் என்பதில்தான். அதே எம்.ஆர்.ஐ., அதே ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் செய்தால் ஒரு விலை, தனியாக இயங்கும் இமேஜிங் சென்டரிலோ லேபிலோ செய்தால் அதில் ஒரு பகுதி. டாக்டர் சீட்டு எழுதும்போதே "ஆஸ்பத்திரிக்கு வெளியே செய்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆப்பில் நெட்வொர்க் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கும். எல்லாச் செலவையும் இப்படித் துரத்த வேண்டாம். ஸ்கேன், லேப், திட்டமிட்ட சிறு அறுவைச் சிகிச்சை இந்த மூன்றில் செய்தால் போதும்.

டெக்சஸில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கடைத்தெருவில், சூப்பர்மார்க்கெட் பக்கத்தில், அர்ஜென்ட் கேர் (சிறு உபாதைகளை உடனே பார்க்கும் கிளினிக்) போலவே பளிச்சென்று நிற்கும் தனி எமர்ஜென்சி ரூம்கள் அங்கே நிறைய. பலகையில் 'எமர்ஜென்சி' என்ற சொல் இருந்தால் பில் எமர்ஜென்சி ரூம் விலையில், வசதிக் கட்டணத்தோடு வரும். காய்ச்சல், காதுவலிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு இரவு எட்டு மணிக்கு அதற்குள் நுழைந்தால் அர்ஜென்ட் கேரில் கட்டுவதைப்போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் நெட்வொர்க்கில் உள்ள அர்ஜென்ட் கேர் எது என்று இன்றே போனில் குறித்துவையுங்கள். உயிர்ப் பயம் உள்ள நேரத்தில் இதெல்லாம் பார்க்காதீர்கள், எது பக்கமோ அங்கே ஓடுங்கள்.

வருடாந்தர செக்கப், தடுப்பூசி போன்றவை நெட்வொர்க்குக்குள் இலவசம். ஆனால் செக்கப்பின் நடுவே "டாக்டர், முழங்கால் வேறு மூன்று மாதமாக வலிக்கிறது" என்று ஆரம்பித்தால் அது தனி ஆலோசனையாக பில் ஆகலாம், டிடக்டிபிளில் விழும். கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேட்டால் பில் வரும் என்று தெரிந்து கேளுங்கள். நாள்பட்ட நோய் மருந்துகளில் இன்சுலின், ஸ்டாட்டின், ஆஸ்துமா இன்ஹேலர் போன்றவற்றை டிடக்டிபிளுக்கு முன்பே தர வருமானவரித் துறை 2019இல் அனுமதித்தது. தருவதும் தராததும் திட்டத்தின் விருப்பம், ஆகவே 'தடுப்பு மருந்துப் பட்டியல்' கேட்டு வாங்கிப் பாருங்கள். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதை டிடக்டிபிளுக்கு முன்பே தரலாம் என்ற சலுகை 2025 ஜூலைச் சட்டத்தில் நிரந்தரமாகிவிட்டது.

பில் வந்தால் உடனே கட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஈ.ஓ.பி. என்ற விளக்கச் சீட்டு வரும். ஆஸ்பத்திரி போட்ட விலை, இன்ஷூரன்ஸ் பேசி முடித்த விலை, உங்கள் பங்கு மூன்றும் அதில் இருக்கும். டிடக்டிபிளை நீங்களே கட்டும்போதும் பேசி முடித்த விலைதான் உங்களுக்கு. பில் தொகையும் ஈ.ஓ.பி.யில் உள்ள உங்கள் பங்கும் ஒத்துப்போனால் கட்டுங்கள். போகாவிட்டால் வரிவாரியான பில் கேளுங்கள். செய்யாத சோதனையும் இருமுறை போட்ட மருந்தும் அதில்தான் தெரியும். பெரிய தொகையென்றால் ஆஸ்பத்திரியே வட்டியில்லாத் தவணை தரும், கேட்டால்தான் தரும். முன்மேஜையில் நீட்டும் மெடிக்கல் கிரெடிட் கார்டை வாங்காதீர்கள். லாபநோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். வீடு திரும்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். நல்ல சம்பளக்காரருக்கு அது கிடைப்பது அரிது என்றாலும், வேலை போன வருடத்தில் நினைவில் இருக்கட்டும்.

சில கிளினிக்குகள் "இன்ஷூரன்ஸ் வேண்டாம், ரொக்கமாகத் தந்தால் குறைவு" என்பார்கள். உண்மையிலேயே குறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் பொதுவாக டிடக்டிபிளில் சேராது. நோய்நொடியில்லாத வருடத்தில் ரொக்கம் நல்லது. பிரசவ வருடத்தில் எல்லாவற்றையும் இன்ஷூரன்ஸ் வழியாகவே விடுங்கள். ஏப்ரலுக்குள் வரம்பைத் தொட்டுவிட்டால் டிசம்பர் 31 வரை நெட்வொர்க்குக்குள் எல்லாம் இலவசம் மாதிரிதான். தள்ளிப்போட்ட முழங்கால் ஸ்கேன், குறட்டைப் பரிசோதனை, பிசியோதெரபி எல்லாவற்றையும் அந்த வருடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் எல்லோரும் இதே எண்ணத்தோடு அப்பாயின்ட்மென்ட் கேட்பார்கள், ஆகஸ்டிலேயே வாங்கிவையுங்கள்.

ஜூனில் வேலை மாறினால் இந்தக் கணக்கெல்லாம் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். பழைய கம்பெனியில் கட்டிய டிடக்டிபிள் புதிய கம்பெனியில் செல்லாது. எச்1பி விசாவில் கான்ட்ராக்ட் மாறிக்கொண்டே இருப்பவர்கள் எச்.டி.எச்.பி. எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். வேலையே போய்விட்டால் ஒரு சிறு ஆறுதல்: சாதாரணமாகப் பிரீமியம் கட்ட எச்.எஸ்.ஏ.வைத் தொட முடியாது, கோப்ரா (பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸைச் சொந்தச் செலவில் தொடர்வது) பிரீமியத்துக்குத் தொடலாம்.

பிரசவத்துக்கு அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வருவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க முடியாது, அவர்களின் வைத்தியத்துக்கு எச்.எஸ்.ஏ. பணத்தையும் எடுக்க முடியாது. எச்.எஸ்.ஏ. உங்களுக்கும் மனைவிக்கும் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் சில மாதம் வந்துபோகும் பெற்றோர் அந்த வகையில் வருவதில்லை. அவர்களுக்குத் தனியாக விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுங்கள். பழைய நோய்களுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஊரில் பல் வைத்தியம் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். வைத்தியம் எந்த நாட்டில் நடந்தது என்பது எச்.எஸ்.ஏ.வுக்குத் தடையல்ல. ரூட் கெனாலும் கிரவுனும் சென்னையில் செய்தாலும் தகுதியான செலவுதான். அழகுக்காகப் பல் வெண்மையாக்குவது தகுதியாகாது. அங்கே வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்து, இரு நாட்டிலும் சட்டப்படி விற்கக்கூடியது என்றால் சேரும்; பெட்டியில் போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் சேராது. விடுமுறைக்குப் போன விமானச் செலவை வைத்தியக் கணக்கில் எழுத முடியாது. இந்தச் செலவு உங்கள் டிடக்டிபிளிலும் சேராது. எச்.எஸ்.ஏ. டெபிட் கார்டு அங்கே வேலை செய்யும் என்று நம்பிப் போகாமல், சொந்தக் கார்டில் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபின் எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் நோயாளியின் பெயர், தேதி, செய்த சிகிச்சை, தொகை நான்கும் இருக்கட்டும். 'டென்டல் ட்ரீட்மென்ட்' என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் கிளினிக் என்றால், பல் எண்ணோடு பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஏப்ரலில் வரித் தாக்கலோடு 8889 படிவம் போடும்போது இந்த ரசீதை யாரும் கேட்க மாட்டார்கள். தணிக்கை வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.